மூன்று பக்கெட், மூன்று பூ: இதில் எது கமோமைல்?

வெள்ளவத்தை வாசகி · 06.01.2024, இரவு 9.40

என்னிடம் மூன்று பக்கெட் இருக்கு. முதலாவது புறக்கோட்டையில் மருந்துச் சரக்குக் கடையில் வாங்கியது. ‘கமோமைல்’ என்று எழுதியிருக்கு, வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் உள்ள சின்னப் பூ. இரண்டாவது சவுதியிலிருந்து வந்தது, பெயர் ‘பாபூனஜ்’. அதில் இதழே இல்லை, மஞ்சள் மணி மாதிரி உருண்டை. மூன்றாவது சுப்பர்மார்க்கெட்டில் எடுத்தது. வெளிறிய மஞ்சள், ஒவ்வொரு பூவும் மூன்று சென்ரிமீற்றர் அகலம். மூன்றும் ஒரே செடிதான், பறிக்கிற பருவமும் தரமும்தான் வேறு என்று கடையில் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கறுவாத்தோட்டம் · 07.01.2024, காலை 6.15

நம்பாதது சரி, அக்கா. மூன்றும் மூன்று செடி. கடையில் சொன்னது முழுப் பிழையும் இல்லை, ஏனென்றால் மூன்றும் அஸ்டரேசியே குடும்பத்தில் அந்தெமிடியே என்ற ஒரே குலத்துப் பிள்ளைகள். வாசனையிலும் தோற்றத்திலும் உறவு தெரியும். ஆனால் உறவு வேறு, ஆள் வேறு.

உங்கள் விவரிப்பை மட்டும் வைத்துச் சொன்னால், முதலாவது மட்ரிகாரியா கமோமில்லா, ஜேர்மன் கமோமைல் என்று உலகச் சந்தை சொல்வது. இரண்டாவது மட்ரிகாரியா ஔரியா. அரபு நாடுகளில் பாபூனஜ் என்ற பெயரில் இதுவும் விற்பனையாகும், கதிர்ப் பூவே, அதாவது ஓரத்தில் இதழ் மாதிரி நிற்கிற நாக்கே, இல்லாதது. மூன்றாவது கமோமைலே இல்லை, சீனாவில் தேநீருக்கென்று வளர்க்கிற கிரிசாந்தமம் மோரிஃபோலியம். நாங்கள் கோயிலுக்கு மாலை கட்டுகிற செவ்வந்தியின் சொந்தம்.

விவரிப்பை நம்பி முடிவெடுக்கக் கூடாது. வெட்டிப் பாருங்கோ. சவர அலகு, பத்து மடங்கு பெருக்குகிற கைவில்லை, கொதிநீர், வெள்ளைத் தட்டு, இவ்வளவும் போதும்.

ஒவ்வொரு பக்கெட்டிலிருந்தும் 20 பூத்தலை எடுங்கோ. மேலாக இருப்பதை மட்டும் எடுக்க வேண்டாம், குலுக்கிவிட்டு நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுங்கோ. சூடான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டால் இதழ் விரியும், தளம் மெத்தென்று வரும். காய்ந்தபடியே வெட்டினால் நொறுங்கி ஒன்றும் தெரியாது. பிறகு காம்பு இருந்த இடத்திலிருந்து உச்சிவரை நெடுக்காக இரண்டாகப் பிளவுங்கோ.

பார்க்க வேண்டியது பூத்தளம், அதாவது சின்னச் சின்னப் பூவெல்லாம் குத்தி நிற்கிற அந்தக் கூம்பு. அது உள்ளே குழாய் மாதிரி வெறுமையா, சதைப்பிடிப்பா? பூக்களுக்கு இடையில் மெல்லிய செதில் நிற்கிறதா, இல்லையா? வெறுமை, செதில் இல்லை என்றால் மட்ரிகாரியா. சதைப்பிடிப்பு, செதில் உண்டு என்றால் ரோமன் கமோமைல் என்ற வேறு செடி, அல்லது அந்தெமிஸ் என்ற களை. சதைப்பிடிப்பு, செதில் இல்லை என்றால் மணமில்லாத கமோமைல் என்ற திரிப்ளியூரோஸ்பெர்மம், அல்லது செவ்வந்தி வகை.

வெள்ளவத்தை வாசகி · 07.01.2024, பிற்பகல் 3.05

முதல் பக்கெட்டில் 20இல் 14 வெறுமை. 6 உள்ளே நிறைந்திருக்கு. இரண்டாவதில் எல்லாமே வெறுமை. மூன்றாவதில் எதுவுமே வெறுமை இல்லை. முதல் பக்கெட்டில் கலப்படமா?

கறுவாத்தோட்டம் · 07.01.2024, மாலை 5.30

காலையில் சொல்லியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன், திருத்துகிறேன். மட்ரிகாரியாவின் பூத்தளம் மொட்டில் தட்டையாகவும் நிறைந்தும் இருக்கும். பூ விரிய விரியத்தான் கூம்பாக உயர்ந்து உள்ளே வெறுமையாகும். அந்த ஆறையும் தனியாக எடுத்துக் கதிர்ப் பூவைப் பாருங்கோ. வெள்ளை நாக்கு இன்னும் மேல்நோக்கிக் குறுகி நின்றால், நடுவிலுள்ள பூக்கள் விரியாமல் பச்சை மணியாக இருந்தால், அது மொட்டுப் பருவத்தில் பறித்த அதே செடி. வெள்ளை நாக்கு கீழ்நோக்கி மடிந்து, நடு முழுக்க மலர்ந்தும் தளம் நிறைந்திருந்தால்தான் சந்தேகம்.

இன்னொன்று. வெறுமை என்பது மட்ரிகாரியா சாதிக்கு அடையாளம், கமோமில்லா இனத்துக்கு அல்ல. உங்கள் இரண்டாவது பக்கெட்டும் வெறுமையாக வந்தது இதனால்தான். (சாதி, இனம் என்று எங்கள் பள்ளிக்கூடப் புத்தகச் சொல்லிலேயே எழுதுகிறேன். இந்தியப் புத்தகங்கள் சாதியைப் பேரினம் என்னும்.) இனம் பிரிக்க அடுத்த படி: நடுவிலிருந்து ஒரு குழாய்ப் பூவை ஊசி முனையால் எடுத்து வாயைப் பாருங்கோ. ஐந்து பல் இருந்து, தலையைச் சுற்றிக் கதிர்ப் பூவும் இருந்தால் கமோமில்லா. நான்கு பல், கதிர்ப் பூ இல்லை என்றால் ஔரியா, அல்லது அன்னாசி வாசமுள்ள டிஸ்கொய்டியா. அந்த இரண்டையும் காய்ந்த பூவில் பிரிப்பது கடினம். எங்கிருந்து வந்தது என்பது உதவும்: ஔரியா மத்தியதரைக்கடல் ஓரம், மத்திய கிழக்கு. டிஸ்கொய்டியாவின் தாயகம் வட அமெரிக்காவின் மேற்கும் ஆசியாவின் வடகிழக்கும். சவுதியிலிருந்து வந்தது ஔரியா என்றே கொள்ளலாம்.

கொட்டாஞ்சேனை · 08.01.2024, காலை 10.20

அண்ணை, என்னிடம் இருக்கிற மூன்று லேபிளில் மூன்று இலத்தீன் பெயர். மட்ரிகாரியா ரெகுடிட்டா, கமோமில்லா ரெகுடிட்டா, அந்தெமிஸ் நோபிலிஸ். நீங்கள் எழுதியது நான்காவது. எதை நம்புவது?

கறுவாத்தோட்டம் · 08.01.2024, இரவு 8.50

தம்பி, முதல் இரண்டும் நான் எழுதிய மட்ரிகாரியா கமோமில்லாவும் ஒரே செடி. மூன்றாவது வேறு செடி, ரோமன் கமோமைலின் பழைய பெயர்.

சிக்கலைத் தொடக்கியவர் செடிகளுக்கு இலத்தீன் பெயர் வைத்த சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ். 1753இல் ஒரே நூலில் மட்ரிகாரியா கமோமில்லா, மட்ரிகாரியா ரெகுடிட்டா என்று இரண்டு இனம் போட்டார். எந்தப் பெயர் எந்தச் செடிக்கு என்பதில் அவரே 1755இல் தன் சுவீடன் தாவர நூலின் இரண்டாம் பதிப்பில் மனம் மாறினார். அதிலிருந்து மணமுள்ளதையும் மணமில்லாததையும் இந்தப் பெயர்கள் மாறி மாறிச் சுமந்தன. 1974இல் ரௌஷெர்ட் என்ற தாவரவியலாளர் ‘கமோமில்லா ரெகுடிட்டா’ என்ற சேர்க்கையை வெளியிட்டார். அது மருந்து நூல்களுக்குள் பரவிப் பல லேபிளில் இன்றும் நிற்கிறது. இப்போது தாவரவியலாளர் பெரும்பாலும் ஏற்பது மட்ரிகாரியா கமோமில்லா. பெயர் மாறினாலும் பக்கெட்டுக்குள் பூ மாறவில்லை, ஆகவே அந்த இரண்டு லேபிளையும் ஒன்றாக எண்ணலாம்.

ரோமன் கமோமைலை அதே 1753இல் லின்னேயஸ் அந்தெமிஸ் நோபிலிஸ் என்றார். இத்தாலியின் அல்லியோனி 1785இல் அதைப் பிரித்துக் கமேமெலும் நோபிலே ஆக்கினார். வாசனைத் திரவியச் சீசாக்களில் இன்னும் பழைய பெயரே ஓடுகிறது.

இந்த லின்னேயஸ் எங்களுக்கு அந்நியர் இல்லை. ஒல்லாந்தர் காலத்து வைத்தியர் போல் ஹெர்மன் இலங்கையில் சேர்த்த உலர் செடிகளை வைத்து 1747இல் இலங்கைத் தாவரங்களுக்கே தனி நூல் எழுதியவர். கமோமைல் எங்கள் மண்ணின் செடி அல்ல. இங்கே காட்டில் தேடிப் பயன் இல்லை.

கறுவாத்தோட்டம் · 08.01.2024, இரவு 9.25

தமிழ்ப் பெயரையும் சேர்த்துவிடுகிறேன். பழைய மருந்துப் பட்டியல்களில் ‘சீமைச் சாமந்தி’ என்று வருவது கமோமைலைத்தான். யூனானி வைத்தியர் பாபூனா என்பார்கள். ‘சீமை’ என்றாலே கடல் கடந்து வந்தது என்று பொருள், அந்தப் பெயரே தாயகத்தைச் சொல்லிவிடுகிறது. வில்லங்கம் என்னவென்றால் சாமந்தி, செவ்வந்தி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ‘செவ்வந்தித் தேநீர்’ என்று மொழிபெயர்க்கும்போது சீனக் கிரிசாந்தமமும் கமோமைலும் ஒரே பெயருக்குள் விழுந்துவிடும். அக்காவின் மூன்றாவது பக்கெட் அப்படிக் குழம்பக்கூடிய சரக்கு.

கிரேக்கச் சொல் கமைமேலோன், ‘தரை ஆப்பிள்’. நசுக்கினால் வரும் ஆப்பிள் வாசத்துக்கு வைத்த பெயர். ஸ்பானியர் மன்ஸனில்லா, ‘குட்டி ஆப்பிள்’ என்பார்கள். மட்ரிகாரியா என்பது கருப்பையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, பெண்களின் நோய்க்குக் கொடுத்ததால்.

நுவரெலியா வாசகர் · 09.01.2024, காலை 7.00

வாசனையை வைத்தே பிரிக்கலாமே? இவ்வளவு வெட்டுக்கொத்து எதற்கு?

கறுவாத்தோட்டம் · 09.01.2024, மாலை 6.40

வாசனை முதல் சல்லடை, கடைசித் தீர்ப்பு இல்லை. ஆறு மாதம் பொலித்தீன் பையில் கிடந்த நல்ல மட்ரிகாரியாவுக்கு வாசம் போயிருக்கும். அதை மணமில்லாத இனம் என்று தள்ளிவிடுவோம். மறுபக்கம், நல்ல பூவோடு கலந்து வைத்த திரிப்ளியூரோஸ்பெர்மம் பக்கத்து வாசத்தை வாங்கிக்கொள்ளும்.

வகைப்பாட்டிலேயே இந்தப் பாடம் இருக்கு. வெளித்தோற்றத்தை வைத்து மணமில்லாத கமோமைலை நெடுங்காலம் மட்ரிகாரியாவுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். மரபணு வரிசையை ஒப்பிட்ட பிறகு அது அந்தெமிஸ் பக்கம் போய்விட்டது. தாவரவியலாளர் ஓபர்பிரீலரும் கூட்டாளிகளும் 2007இல் வெளியிட்ட துணைக்குலப் பிரிவில் மட்ரிகாரியா நிற்பது அக்கில்லியா, அனாசைக்ளஸ் ஆகியவற்றோடு. அந்தெமிஸ், திரிப்ளியூரோஸ்பெர்மம், டனசெட்டம் எல்லாம் வேறு துணைக்குலம். ரோமன் கமோமைல் மூன்றாவது துணைக்குலம், சன்டோலினாவோடு. செவ்வந்தி நான்காவது, மாசிப்பத்திரி சேர்ந்த ஆர்ட்டிமீசியாவோடு. அதாவது ஜேர்மன், ரோமன் என்று அக்காள் தங்கை மாதிரிப் பெயர் வைத்திருக்கிற இரண்டும் ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை, அதற்கும் தூரம். அக்கில்லியாதான் ஜேர்மன் கமோமைலுக்குக் கிட்டம்.

விதையைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். (சரியாகச் சொன்னால் அது ஒற்றைவிதைக் கனி.) மட்ரிகாரியா கமோமில்லாவில் ஒரு மில்லிமீற்றர் அளவு, வெளிறிய நிறம், ஒரு பக்கத்தில் மெல்லிய நான்கைந்து வரி, மறுபக்கம் வழுவழுப்பு. திரிப்ளியூரோஸ்பெர்மத்தில் கடும் நிறம், தடித்த மூன்று விலா, மறுபக்க உச்சியில் இரண்டு எண்ணெய்ப் புள்ளி. ‘மூவிலா விதை’ என்பதுதான் அந்தச் சாதிப் பெயரின் பொருளே. ரீ பாக் பிரித்தால் முழுப் பூத்தலை கிடைக்காது, தூள்தான் இருக்கும். அப்போது இந்த விதைதான் சாட்சி. தூளை வெள்ளைத் தாளில் தட்டி, ஊசியால் விதையைப் பிரித்து, இரண்டு பக்கமும் புரட்டிப் பாருங்கோ.

கறுவாத்தோட்டம் · 10.01.2024, காலை 5.50

அந்தெமிஸ் பற்றி ஒரே வரியில் விட்டுப் போனது பிழை. கலப்படத்தில் உடம்புக்குத் தீங்கு செய்யக்கூடியது அதுதான்.

அந்தெமிஸ் கொட்டூலா, நாற்றக் கமோமைல். வயலில் மட்ரிகாரியாவோடு சேர்ந்தே களையாக முளைக்கும், அறுவடையில் கூட வந்துவிடும். பூத்தளம் நிறைந்திருக்கும், செதில் உண்டு. ஆனால் அந்தச் செதில் தளத்தின் மேல்பாதியில் மட்டும் இருக்கும், ஊசி மாதிரிக் கூர். கீழ்ப்பாதியை மட்டும் பார்த்தவர் செதில் இல்லை என்று எழுதிவிடுவார். ஆகவே உச்சிவரை வெட்ட வேண்டும். அந்தெமிஸ் ஆர்வென்சிஸ் என்றால் செதில் தளம் முழுக்க இருக்கும். ரோமன் கமோமைலின் செதில் கூர் இல்லாதது, நுனி மழுங்கி, ஓரம் உலர்ந்த சவ்வு மாதிரி. கொட்டூலாவில் அந்தகொட்டுலிட் என்ற பொருள் நிறைய. தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் தரும். கமோமைல் ஒவ்வாமை என்று சொல்லப்படுவதில் ஒரு பங்குக்கு இந்தக் கலப்பே காரணம்.

கலப்பே இல்லாத சுத்தப் பூவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. செவ்வந்தி, மாசிப்பத்திரி பட்டால் தும்முகிறவர்கள், தோல் தடிக்கிறவர்கள் கமோமைலைத் தொட முன் யோசிக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனை · 10.01.2024, பிற்பகல் 1.15

அண்ணை, பூவிலிருந்து வடிக்கிற எண்ணெய் நீலமாக இருந்தால் உண்மையான கமோமைல் என்கிறார்களே?

கறுவாத்தோட்டம் · 10.01.2024, இரவு 7.30

நீலம் வந்தால் ‘இருக்கலாம்’, அவ்வளவுதான். பூவில் நீலம் கிடையாது. மட்ரிசின் என்ற நிறமற்ற பொருள் இருக்கிறது. நீராவியில் வடிக்கும்போது அது உடைந்து கமசுலீன் ஆகிறது, அதுதான் நீலம். அதனால் தேநீர் ஒருபோதும் நீலமாக வராது, வந்தால் சாயம். அக்கில்லியாவின் சில வகை, மொரோக்கோவின் டனசெட்டம் அன்னூம், தென்னாபிரிக்காவின் எரியோசெஃபலஸ் புங்டுலேட்டஸ், இவற்றின் எண்ணெயும் நீலம்தான். கடைசி இரண்டும் சந்தையில் ‘மொரோக்கோ நீலக் கமோமைல்’, ‘கேப் கமோமைல்’ என்றே ஓடும். மொரோக்கோவிலிருந்தே வருகிற கிளடாந்தஸ் மிக்ஸ்டஸ் எண்ணெயோ மஞ்சள், அதற்கும் கமோமைல் என்றே பெயர். ரோமன் கமோமைல் எண்ணெய் வெளிர்நீலமாகத் தொடங்கி மஞ்சளாகிவிடும். அதில் பெரும்பங்கு அஞ்சலிக் அமில எஸ்டர்கள், வாசமே வேறு.

நிறத்தை விட்டு அளவைக் கேளுங்கோ. ஐரோப்பிய மருந்து நூல் மட்ரிகாரியா பூவுக்குக் கேட்பது கிலோவுக்குக் குறைந்தது 4 மில்லிலீற்றர் எண்ணெயும், அபிஜெனின் 7 குளுக்கோசைட் என்ற பொருள் 0.25 சதவீதமும். மொத்தமாக வாங்குகிறவர்கள் பரிசோதனை அறிக்கையில் இந்த இரண்டு வரியையும் பார்க்க வேண்டும். ‘நீலம்’ என்று ஒரு சொல் எழுதிய தாள் போதாது.

நுவரெலியா வாசகர் · 12.01.2024, காலை 8.10

எங்கே எல்லாம் வளர்கிறது, இங்கே வளருமா என்று யாராவது எழுதுங்கோ.

கறுவாத்தோட்டம் · 13.01.2024, காலை 6.00

மட்ரிகாரியா கமோமில்லாவின் தாயகம் ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவின் மிதவெப்பப் பகுதியும். கோதுமை வயலில் களையாக மனிதரோடேயே ஊர் ஊராகப் போன செடி, அதனால் அசல் எல்லையைக் கோடு போட்டுக் காட்ட முடியாது. வட அமெரிக்கா, அவுஸ்திரேலியாவில் குடியேறிவிட்டது. ஹங்கேரியின் பெருஞ்சமவெளியில் சோடியம் ஏறிய உவர் மண்ணில் தானாக முளைத்துக் கிடக்கும். பல்லுள்ள அகப்பையால் சீவி எடுப்பார்கள். ஆர்ஜென்டினாவும் எகிப்தும் பெரும் பயிர்ச்செய்கை. எகிப்தில் ஃபையூம், பெனி சுவெஃப் பக்கம் குளிர்காலப் பயிர். இந்தியாவில் முகலாயர் காலத்தில் வந்தது என்பார்கள். லக்னோவின் கார மண்ணில் நன்றாக ஏறிக்கொண்டது.

ரோமன் கமோமைலின் பரப்பு மிகவும் சிறியது: இங்கிலாந்தின் தெற்கு, அயர்லாந்து, பிரான்ஸ், ஐபீரியா, வடமேற்கு ஆபிரிக்கா, அசோரஸ் தீவுகள். அத்திலாந்திக்கின் ஈரக்காற்று அடிக்கிற பக்கம் மட்டும். பல்லாண்டுச் செடி, தரையோடு படரும். பிரான்ஸில் செமில்யே பக்கம் அடுக்குப்பூ வகையைப் பயிரிடுகிறார்கள். அது வெள்ளை உருண்டையாகவே காயும்.

டிஸ்கொய்டியா 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய், வண்டிப் பாதை ஓரமெல்லாம் பரவியது. நனைந்த விதையைச் சுற்றிப் பிசின் மாதிரி வழுவழுப்பு வரும். சப்பாத்து, சில்லு எதிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும். மிதிபட்ட இடத்தில்தான் செழிக்கும்.

இந்த இடங்களில் எல்லாம் பொதுவாக ஓடுவது ஒன்று: எங்கே வளர்ந்தாலும் குளிர்ந்த இரவில்தான் இலை கட்டுகிறது, பகல் நீளும்போதுதான் பூக்கிறது. எகிப்தும் லக்னோவும் வெப்ப ஊர்கள்தான், ஆனால் செடி நிற்பது அங்கத்திய குளிர்காலத்தில்.

மானிப்பாய் இப்போது தெகிவளை · 13.01.2024, இரவு 9.00

உவர் நிலம்தான் வேண்டும் என்றால் யாழ்ப்பாணத்தில் எவ்வளவோ சும்மா கிடக்கே?

கறுவாத்தோட்டம் · 14.01.2024, காலை 6.30

மண் இருக்கு, குளிர் இல்லை. லக்னோவில் மார்கழி, தை இரவு 10 பாகைக்குக் கீழே இறங்கும். யாழ்ப்பாணத்தில் அதே மாதம் 22 அளவில் நிற்கும். உவர் மண் இந்தச் செடிக்குத் தேவை அல்ல, அதைத் தாங்கும் என்பதே சரி. மற்றப் பயிர் ஏறாத நிலத்தில் இது போட்டியில்லாமல் நிற்கிறது, அதுதான் சங்கதி. நேற்று நான் எழுதியதில் அந்த அர்த்தம் வராமல் போனது.

கொழும்பிலும் அதே கதை. விதை முளைக்கும், அதில் ஏமாந்துவிடக் கூடாது. பகல் நீளம் ஆண்டு முழுக்க 12 மணித்தியாலத்தை ஒட்டியே நிற்கும், இரவு வெப்பம், ஈரப்பதன். நாற்று நீண்டு சாயும், அடித்தண்டு கறுத்து அழுகும், தப்பினதும் சின்னதாக நாலு பூ தந்துவிட்டுப் போகும். மாடித்தோட்டத்தில் ஆசைக்கு வைக்கலாம், அறுவடைக்கு இல்லை.

நுவரெலியா வேறு. 1,868 மீற்றர் உயரம், சராசரி 16 பாகை அளவு. அங்கே செய்ய நினைப்பவர்களுக்கு:

ஆயிரம் விதை ஏறத்தாழ 0.1 கிராம். ஒரு கிராமுக்குள் பத்தாயிரம் செடி இருக்கு. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டும், ஆகவே ஒரு பங்கு விதைக்கு இருபது பங்கு உலர்ந்த மெல்லிய மணல் கலக்க வேண்டும். மண்ணால் மூடக் கூடாது. இந்த விதை வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும், முளைக்கவில்லை என்பவர்களில் கன பேர் மூடிவிட்டவர்களே. தூவிப் பலகையால் அழுத்தி விடுங்கோ. பூவாளி ஊற்றினால் விதை ஓடிப்போகும், பனித்தூறல் மாதிரித் தெளிக்க வேண்டும், அல்லது நாற்றுத் தட்டை அடியிலிருந்து நனைய விட வேண்டும். 7 முதல் 10 நாளில் முளை. நாலைந்து கிழமையில் நாற்றைப் பிடுங்கி, வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 20 சென்ரிமீற்றரில் நடலாம். தேயிலை மண் புளிப்பு, நடுவதற்கு ஒரு மாதம் முன்னே டொலமைற் சுண்ணாம்பு போட்டுச் சரிப்படுத்துங்கோ. நைதரசன் கூடினால் இலைதான் வளரும்.

காலம் முக்கியம். மாசி, பங்குனி நுவரெலியாவில் மழை குறைந்த மாதங்கள். பூ அப்போது விரிகிற மாதிரிக் கார்த்திகை முடிவில் நாற்று மேடை போட வேண்டும். தை மாதத்து இலேசான உறைபனியை நன்றாக ஊன்றிய செடி தாங்கும். பூக்கிற நேரத்து மழையைத் தாங்காது, பூத்தலை கறுத்துப் போகும்.

பறிக்கிற பருவம்: வெள்ளை நாக்கு கிடையாக நிற்கும்போது. கீழே மடியத் தொடங்கினால் பிந்திவிட்டது, காய்ந்ததும் உதிர்ந்து தூளாகும். காம்பு இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம்.

உள்ளூரில் விதை இல்லாமல் வெளியிலிருந்து எடுப்பதென்றால் இறக்குமதி அனுமதிப்பத்திரம் முதலில், விதை பிறகு. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இது. கடித உறையில் போட்டு அனுப்பச் சொல்லாதீர்கள். களை விதை கலந்து வருவது அப்படித்தான்.

கறுவாத்தோட்டம் · 14.01.2024, காலை 6.55

களை என்றதும் ஒன்று, இதை எல்லோரும் வாசியுங்கோ. வவுனியா, யாழ்ப்பாணப் பக்கம் பரவிய பார்த்தீனியம் ஹிஸ்டரோஃபோரஸைச் சிலர் ‘காட்டுக் கமோமைல்’ என்று எண்ணக்கூடும். நுணுக்கமாக வெட்டுண்ட இலை, சின்ன வெள்ளைப் பூ, தூரத்தில் பார்த்தால் மயங்கும். அது வேறு குலம், சூரியகாந்திப் பக்கம். தொட்டால் தோல் அழற்சி, மகரந்தம் மூச்சுக்கு ஆகாது. பூத்தலை 5 மில்லிமீற்றருக்குள், முழுக்க வெள்ளை, ஓரத்தில் கண்ணுக்கு மட்டாக ஐந்தே ஐந்து குட்டி நாக்கு, மஞ்சள் கூம்பு கிடையாது. கையுறை இல்லாமல் பிடுங்க வேண்டாம்.

பெயரிலும் ஒரு பொறி இருக்கு. ஐரோப்பிய மூலிகையான டனசெட்டம் பார்த்தேனியம் என்பது வேறு செடி, அதுவும் கமோமைல் மாதிரியே பூக்கும், ஆனால் இலை அகலம், பூவின் நடு தட்டை. ‘பார்த்தேனியம்’ என்று பார்த்துவிட்டு எங்கள் ஊர்க் களையைப் பறித்துவிடக் கூடாது.

வெள்ளவத்தை வாசகி · 15.01.2024, இரவு 8.20

ஆறு பூவையும் பார்த்தேன். ஐந்து மொட்டுப் பருவம், நாக்கு மேலே நிற்கிறது. ஒன்று மட்டும் நன்றாக மலர்ந்து, நாக்கு மடிந்து, தளம் நிறைந்து கிடக்கு. செதில் இல்லை. விதை கறுப்பு, மூன்று தடித்த விலா.

கறுவாத்தோட்டம் · 16.01.2024, காலை 6.05

அந்த ஒன்று திரிப்ளியூரோஸ்பெர்மம் இனோடோரும். இருபதுக்கு ஒன்று என்பதை வைத்துப் பக்கெட் முழுவதையும் ஐந்து சதவீதம் என்று கணக்கிட வேண்டாம், இருபது சின்ன எண்ணிக்கை. இன்னும் நூறு பூ எடுத்து, வெட்டாமல் கதிர்ப் பூ மடிந்தவற்றை மட்டும் பிரித்து, அவற்றை வெட்டினால் நேரம் மிச்சம். தீங்கில்லாத களைதான், வாசமும் எண்ணெயும் இல்லாததால் காசு வீண். செதில் எதிலும் இல்லை என்றால் கொட்டூலா பயம் இல்லை, குடிக்கலாம்.

குடிக்கும் அளவு: 3 கிராம் பூ, 150 மில்லிலீற்றர் கொதிநீர், மூடி வைத்து 10 நிமிடம். மூடியில் தங்கும் துளியைத் திரும்பக் கோப்பைக்குள் தட்டுங்கோ, வாசம் அதில்தான்.

மிச்சத்தை அந்தப் பொலித்தீனில் விடாதீர்கள். கொழும்புக் காற்றில் காய்ந்த பூ ஒரு கிழமையில் ஈரம் இழுத்து நெகிழும். மருந்து நூல் அனுமதிப்பது 12 சதவீத ஈரம்வரை, அதற்கு மேல் பூஞ்சணம். விரலால் நசுக்கும்போது கூம்பு நொறுங்க வேண்டும், வளைந்தால் ஈரம். 40 பாகைக்கு மேல் போகாத சூட்டில், மெல்லிய படையாகப் பரப்பி, நிழலில் உலர்த்துங்கோ. வெயிலில் வைத்தால் எண்ணெய் பறந்துவிடும். பிறகு இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தல், இருட்டான தட்டு. சிகரெட் வண்டு, மருந்துச் சரக்கு வண்டு இரண்டுக்கும் இந்தப் பூ பிடிக்கும். அடியில் மஞ்சள் மாவு சேர்ந்தால், குண்டூசித் துளை தெரிந்தால் போத்தலோடு ஒரு கிழமை பிரீசரில் வையுங்கோ. வெளியில் எடுத்ததும் திறக்க வேண்டாம், அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் உள்ளே பனி கட்டும்.

போத்தலில் பெயர் ஒட்டும்போது மட்ரிகாரியா கமோமில்லா, புறக்கோட்டை, வாங்கிய திகதி என்று எழுதுங்கோ. இரண்டாவதுக்கு மட்ரிகாரியா ஔரியா, சவுதி. மூன்றாவதைச் செவ்வந்தி என்றே எழுதி வேறு தட்டில் வையுங்கோ.